கைப்பைக்குள் சர்க்கரை மிஷின்

போன வருஷத்துக்கு முந்தின வருஷ டிசம்பரில், பெங்களூரு மர்பி டவுனில் நடந்தது இது. வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஸ்டூல் மேல் ஏறிய என் கணவர், ஸ்டாரோடு கீழே விழுந்தார். ஸ்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தலையில் பலத்த அடி. அன்றைக்கே ஆபரேஷன் செய்து ஐசியூவில் சேர்த்தார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. வீட்டில் நான்தான் அதற்குப் போலீஸ். தினமும் காலையில் அவர் விரலில் ஊசி குத்தி, மிஷினில் பார்த்து, காலண்டரில் எழுதி வைப்பேன். குத்தும்போதெல்லாம் மனிதர் கையை வெடுக்கென்று இழுத்து, மூக்கைச் சுருக்குவார். "குழந்தை மாதிரி பண்ணாதீங்க" என்று நானும் தவறாமல் திட்டுவேன்.

ஐசியூவில் அவர் தலையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்தது. அதன் முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குப்பி. நர்ஸ் மணிக்கொரு தரம் அதைக் கழற்றி, வேறு குப்பி மாட்டிவிட்டு, கழற்றியதை ஒரு மிஷினில் வைப்பார். மூளைக்குள் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. என் கண் முழுக்க சார்ட்டில் எழுதியிருந்த ரத்தச் சர்க்கரை மேல்தான். மூன்றாம் நாள் அது நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது!

நர்ஸிடம் சண்டைக்குப் போனேன்.

"இன்சுலின் போட்டீங்களா இல்லையாம்மா?"

அவர் கோலார் பக்கத்துப் பெண்; தமிழில் கன்னடம் கலந்து வரும். "டாக்டர்தாம்மா கம்மி பண்ணச் சொன்னாரு. ஸ்வல்ப இருங்க, அவரே வந்து சொல்வாரு" என்றார் பொறுமையாக.

நான் இருப்பேனா? எட்டு வருஷம் கட்டிக் காத்ததை மூன்று நாளில் கோட்டை விட்டுவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. இவர்கள் மிஷின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் பார்வையாளர் நேரத்தில், கைப்பைக்குள் ஜெபமாலைக்கு அடியில் எங்கள் வீட்டு மிஷினை ஒளித்துக்கொண்டு போனேன்.

அன்று காலையிலிருந்து மயக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். ஆனாலும் கூப்பிட்டதற்கும் தொட்டதற்கும் அவரிடம் அசைவே இல்லை. கண் விழிப்பாரா என்று கேட்டால், பார்க்கலாம் என்பதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியாமல்தான் சர்க்கரையோடு மல்லுக்கட்டினேன் என்று இப்போது புரிகிறது.

நர்ஸ் குப்பியோடு அந்தப் பக்கம் திரும்பியதும், இவர் விரலில் ஒரு குத்து குத்தினேன். கையை வெடுக்கென்று இழுத்தார். மூக்கைச் சுருக்கினார்.

"குழந்தை மாதிரி பண்ணாதீங்க!" என்று பழக்கதோஷத்தில் சத்தமாகவே திட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் நடந்தது என்னவென்று உறைத்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அய்யோ, ஏனம்மா இது! ஐசியூல வந்து ஊசி குத்துறீங்களா?" நர்ஸ் மிஷினைப் பிடுங்கிக்கொண்டார். டாக்டரையும் கூப்பிட்டுவிட்டார்.

டாக்டர் என்னை நிற்க வைத்துத் திட்டினார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "முதல் ரெண்டு நாள் ரத்தத்துல சர்க்கரையை நாங்க ரொம்ப இறுக்கிப் பிடிச்சதுல, அடிபட்ட மூளைக்குப் பத்தாமப் போச்சும்மா. அந்தக் குப்பிதான் காட்டிக்கொடுத்துச்சு. அதனாலதான் கொஞ்சம் ஏற விட்டோம். இன்னிக்குத் தேவலை."

எனக்குக் கூசிப் போனது. என் பேச்சைக் கேட்டிருந்தால் அவர் மூளையைப் பட்டினி போட்டிருப்பார்கள். ஆனாலும் ஊசி குத்தியதும் அவர் கையை இழுத்ததைச் சொன்னேன்.

"சரி, எந்தக் கையை இழுத்தாரு?" என்றார் டாக்டர். இடது கை என்றேன். வலி தெரிகிறதா என்று டாக்டர் அந்தக் கை நகத்தை அழுத்திப் பார்த்தார். கை மறுபடி நகர்ந்தது. என்னைத் திட்டிய அதே டாக்டர் சிரித்தார்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். "என் மூளைக்கு சர்க்கரை வேணும்னு டாக்டரே சொன்னாரு" என்று காபிக்கு ஒரு ஸ்பூன் கேட்கிறார். கிடையாது. காலண்டரில் எழுதுவதும் நிற்கவில்லை. இன்றைக்கும் ஊசி குத்தினால் கையை இழுக்கிறார், நானும் திட்டுகிறேன். ஆனால் அப்படி அவர் கையை இழுத்து மூக்கைச் சுருக்கிய பிறகுதான் எனக்கு அன்றைய பொழுதே விடிகிறது.