வேர்ப்புழுவும் ஐந்து கோழிகளும்

கன்று விற்கிறவனுக்கு இலை நல்ல பெயர் வாங்கித் தரும்; மானத்தை வாங்குவது வேர்தான். இந்தத் தொழிலில் இருந்து பேச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூர் பக்கம் ஒரு நர்சரியில் நான் மேஸ்திரி.

கையோடு வந்த கன்று

காவாந்தண்டலத்து விவசாயி ஒருவர் எங்களிடம் ஒட்டு மாங்கன்றுகள் வாங்கி நட்டார். மாதம் திரும்புமுன் ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கே வந்துவிட்டார். லேசாக இழுத்தாராம், கையோடு வந்துவிட்டதாம். வேரைக் காணோம். ஒட்டியிருந்த எங்கள் தொட்டி மண்ணில் கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது. இந்தப் புழு வளரும் மக்காத எருவைக் கலந்தது என் குற்றம்தான். மனிதர் திட்டக்கூட இல்லை, கேட்டார்: "எலைய மட்டும் தொடச்சித் தொடச்சி குட்த்தியே மேஸ்திரி, வேர யாரு பாக்கறது?"

கன்னியம்மாளின் படை

வழி கண்டுபிடித்தவள் கூலி வேலைக்கு வந்த கன்னியம்மாள். இரண்டு வயதுப் பிள்ளையை மரத்தடித் தூளியில் போடுவாள். கூடவே தன் ஐந்து கோழிகளையும் ஓட்டி வருவாள். அவளுக்கிருந்த சொத்தே அவைதான். கன்று ஏற்ற லாரி வரும் நாளில் தொட்டிகளைக் கவிழ்த்து, வேரைச் சுற்றிய மண்ணை உதிர்த்துக் கொட்டகைக்குப் பின்னால் பரப்புவோம். கோழிகள் புழுவைப் பொறுக்கித் தின்றதும் மண்ணைத் திரும்ப அணைப்போம். புகார் நின்றது, நேரம்தான் இழுத்தது. லாரி டிரைவர் ஹாரன் அடித்துச் சலித்து இறங்கி வந்தார்: "இன்னா மேஸ்திரி, உங்க கோளி நாஷ்டா துன்னு முடிக்கற வரைக்கும் என் வண்டி நிக்கணுமா?"

அண்டாவில் மருந்து

முதலாளி காஞ்சிபுரத்திலிருந்து பூச்சிமருந்துப் பொடி வாங்கி வந்தார். அண்டாத் தண்ணீரில் கரைத்து, கன்றை வேர்மண்ணோடு முக்கி எடுத்தால் வேலை முடிந்தது. கன்னியம்மாள் காலையிலிருந்து கையை விட்டுக் கலக்கினாள். "எலையில படாம பாத்துக்கோ" என்று நான் இரண்டு முறை எச்சரித்தேன். அண்டாவில் கரைந்து தங்கிய மண்ணைப் பழக்கதோஷத்தில் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினேன். கோழிகளும் பழக்கத்தில் வந்து அதில் கிடந்த புழுவைப் பொறுக்கின. மதியத்துக்குள் ஐந்தும் செத்துக் கிடந்தன.

வேறு கோழி வாங்கித் தருகிறேன் என்றேன். தூளியில் பிள்ளை பசியில் அழுதது. அவள் எழுந்து போகாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கோளி கெடக்கட்டும் மேஸ்திரி, காலையிலேந்து இந்தக் கையாலதான் கலக்கிக்கினு கீறேன். இதால புள்ளைக்கு சோறு ஊட்டலாமா, சொல்லு?"

அந்த லாரியில் போன கன்றுகளைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. இலைக்குச் சொன்ன எச்சரிக்கையை அவள் கைக்குச் சொல்லாத மேஸ்திரியைப் பற்றித்தான் ஒரு புகார் இருக்கிறது, அதை இன்றுவரை நானே வைத்திருக்கிறேன்.