ஆரோக்கியமேரி அக்கா வந்து கூப்பிட்டபோது

அக்கா போய்விட்டார் என்று யாரும் என்னிடம் நேரில் வந்து சொல்லவில்லை. நம் மாதர் சங்க வாட்ஸ்அப்பில் அஞ்சலிப் படம் வந்தது. எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பச்சைப் புடவைத் தோள் தெரிந்தது. அது என் தோள். செலியமேட்டு வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவதற்குக்கூடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது.

ஏம்பலம் ஆரோக்கியமேரி அக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். சனிக்கிழமை மதியம் மாதா கோயில் கூடத்தில் பாய் விரித்து, நம்மைக் கூட்டிவைத்துப் பூத்தையலும் மணிவேலையும் செய்ய வைத்தவர். என் வீட்டுக்காரர் இறந்து, மகனும் பெங்களூர் போன பிறகு நான் அங்கே வந்தேன். புதிதாக வருகிறவளுக்கு அக்கா ஊசி தரமாட்டார். சிக்குப் பிடித்த நூலைத்தான் தருவார். அதைத் தனியாகப் பிரிக்க முடியாது, எதிரே ஒருத்தி பிடித்துக்கொள்ள வேண்டும். "இன்னாடி தெரசா, வாய்க்குப் பூட்டு போட்டுனு வந்திருக்க? நூலு பேசாது, நீதான் பேசணும்" என்றார். வாரம் முழுக்கப் பேசாததையெல்லாம் சனிக்கிழமைகளில் பேசித் தீர்த்தேன்.

இந்த வருடத் திருவிழாவுக்கு மாதா புடவையில் சரிகை தைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். இரண்டு வாரம் கண் எரியத் தைத்தேன். நம் மாதா இடக்கையில் குழந்தையை வைத்திருப்பதால் முந்தானை வலது தோளில் போகும். புடவையை நாம் கட்டுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். நம் கீழ்க்கரை அங்கே மேல்கரை ஆகிவிடும். நான் எனக்குக் கட்டுகிற கணக்கில் தைத்திருந்தேன். மாதா சுரூபத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சரிகை முழுவதும் இடுப்பில் நின்றது. எல்லோரும் சிரித்தீர்கள். அக்கா சிரிக்கவில்லை. "நமக்குக் கட்டற மாதிரி மாதாவுக்குக் கட்டலாமா?" என்று சொல்லி, என் கண்ணெதிரிலேயே தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்று சனிக்கிழமை நான் வரவில்லை. திருவிழாவுக்கும் வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருந்ததாகப் பிறகு உங்களிடம் சொன்னேன்.

திருவிழா முடிந்த மறுநாள் மதியம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலியோடு பஸ் ஏறி, வெயிலில் நடந்து வந்து, கேட்டுக்கு வெளியே நின்று மூன்று தடவை கூப்பிட்டார். நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு முறை வந்து கெஞ்சட்டும், பிறகு போகலாம் என்று நினைத்தேன். அவ்வளவு வீம்பு எனக்கு. கொஞ்ச நேரம் கழித்து, மூடிய கதவைப் பார்த்தே பேசினார்: "மாதாவுக்குக் கோவம் இல்லடி. எனக்கும் இல்ல. உனக்கு இருந்தா அதையும் எடுத்துனு சனிக்கிழமை வா."

அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே அவர் போய்விட்டார்.

அவருடைய ஊசிப்பெட்டியையும் மணிகளையும் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பேச்சு ஒன்று போதும். அக்கா சொன்னபடி இந்தச் சனிக்கிழமை வருகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதினேன்: நான் பெங்களூருக்குப் போகவில்லை. அக்கா வந்து கூப்பிட்டபோது வீட்டில்தான் இருந்தேன்.