விஜயராணிக்குச் சொல்லிவைத்த சீட்

தாராவி முனிசிபல் பள்ளி விழாவில் விஜயராணி அடித்த பல்டிகளைப் பார்த்துவிட்டு, மாட்டுங்கா பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஜிம்னாஸ்டிக்ஸ் கோச் மகாதேவன் அங்கேயே சொல்லிவிட்டார்.

"பத்தாவது முடிச்சதும் நேரா எங்க காலேஜுக்கு வந்துடட்டும். ஃபீஸ், சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கறோம். கொழந்தை இதே மாதிரி சின்னதா, லேசா இருக்கணும். அவ்ளோதான்."

மும்பையில் பதினொன்றாம் வகுப்பே கல்லூரியில்தான் என்றாலும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்லூரி சீட்! பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை அவசரப்பட மாட்டார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது, வெறும் வாய்ச்சொல். அதை வைத்துக்கொண்டு அவள் அப்பா சுயம்பு, பெல்ட் தைக்கும் கார்கானாவில் எல்லார் காதையும் புளிக்க வைத்துவிட்டார்.

எட்டாம் வகுப்பில் விஜயராணி பெரியவளானாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. துணியைத் தானே அலசி ஒளித்து வைத்தாள். அம்மா முருகம்மாள் கண்டுபிடித்துவிட்டாள்.

"யார்ட்டயும் சொல்லாதம்மா. சாருக்குத் தெரிஞ்சா சீட்டு போயிரும்."

"கூறுகெட்டவளே, தாய்மாமனுக்குச் சொல்லாம இருக்க முடியுமாட்டி? நாலு பேரு என்ன பேசுவாவ?"

பயிற்சி நின்றது. மூலையில் உட்கார வைத்து உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று இடுப்பு பலத்துக்காக ஊட்டினார்கள். அன்புதான், வேறென்ன சொல்ல? கல்யாண் ஊரிலிருந்து மாமா சீர் கொண்டுவந்தார். இதுவரை எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் சுயம்பு ஒருபடி மேலே போனார். சடங்கு ஃப்ளெக்ஸில் சிறப்பு விருந்தினர் என்று மகாதேவன் பெயரைப் போட்டு, வெற்றிலை பாக்கோடு போய் அவரை அழைத்தும் விட்டார். சீட் தருகிறவருக்கு முதல் மரியாதை செய்ய வேண்டாமா? அவர் நினைப்பில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மகாதேவன் வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். பட்டுப்புடவையில் நின்றவளைக் காலிலிருந்து தோள்வரை பார்த்தார்.

"நன்னா வளந்துட்டியேம்மா" என்று அட்சதை போட்டார்.

விஜயராணிக்கு அப்போதே புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. வீடியோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தாள்.

பந்திக்குப் போகும் வழியில் மகாதேவன் நின்றார். நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சிறுமி பின்பக்கமாக வளைந்து பல்டி அடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?"

"நம்ம சின்ன மவ கலைச்செல்வி சார். மூணாப்பு படிக்கா. அக்காவப் பாத்தே படிச்சிட்டா."

"பத்தாவது முடிச்சதும் நேரா எங்க காலேஜுக்கு வந்துடட்டும்."

வீட்டுக்கு இரண்டு சீட் என்று சுயம்பு பூரித்துப்போனார். பத்தாவது மார்க் ஷீட்டோடு விஜயராணியை அழைத்துக்கொண்டு போனபோதுதான், ஒரு சீட்தான் என்று தெரிந்தது.

இப்போது விஜயராணி வடாலாவில் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல் ஒட்டுகிறாள். தங்கச்சியைக் காலையில் பயிற்சிக்குக் கொண்டு விடுவதும் அவள்தான். பொறாமையா என்றால் இல்லை. சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. "ஒண்ணும் தோணல" என்பாள்.

போன மாதம் பயிற்சிக்குப் போகிற வழியில் கலைச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... எனக்கு வந்துட்டுக்கா."

விஜயராணி மெடிக்கலில் நாப்கின் வாங்கிக் கொடுத்து, கழிவறை வாசலில் நின்றாள். பிறகு தங்கச்சியைப் பயிற்சியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "சின்னவ ஏன் மூஞ்சி வாடிக் கெடக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. பல்டி அடிக்கயில விழுந்துட்டா."