பவுடர் பூசாமல் வரச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை என் அக்கா மலருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு போன் வந்தது. தையற்கடை தேவகி அக்கா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நான்கு நாள் காய்ச்சல்தான். அம்மா போனைக் கீழே வைக்காமலே, "அடுத்த வாரம் மலருகூட யாருடி வருவா?" என்று கேட்டாள். அம்மாவைத் தவறாக நினைக்காதீர்கள். மலரைப் போன்ற பிள்ளைகளோடு சனிக்கிழமைதோறும் அந்தக் கடையில் கூடிய நம் எல்லோர் வீட்டிலும் அழுகைக்கு முன்னால் இப்படியொரு கேள்விதான் வந்திருக்கும்.

உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருந்தாலும் அவர் தேடிப் போவார். யாரும் அனுப்பியதில்லை. சான்றிதழுக்கு மனு எழுதித் தருவதும் அவர்தான், ஆனால் முதல் நாள் எதையும் எழுதமாட்டார். பிள்ளையோடு மதியம்வரை உட்கார்ந்திருப்பார். பிறகுதான் கேட்பார்: "அதுக்கு இன்னா வரும்னு சொல்லிட்டீங்க. இன்னா வராது, அத சொல்லுங்க."

அதைச் சொல்லத்தான் நமக்கு வாய் வருவதில்லை. போன வருடம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மலருக்கு நான் பாடம் நடத்தினேன். பெயர், ஊர், கிழமைகள், ஒன்றிலிருந்து இருபதுவரை. அம்மா புதுச் சுடிதார் போட்டு, பவுடர் பூசி, பூ வைத்துக் கூட்டிவந்தாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் மலர் தப்பில்லாமல் பதில் சொன்னாள். நான் பின்னால் நின்று கைதட்டினேன். சான்றிதழுக்கு வேண்டிய குறைபாட்டுச் சதவீதம் வரவில்லை. சான்றிதழ் இல்லாமல் பகல்நேர மையத்தில் இடமில்லை. பத்தொன்பது வயது மலர் இன்றும் அம்மா களை எடுத்து முடிக்கும்வரை வெயிலில் வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று வெளியே வந்ததும், முகாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேவகி அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு இம்மாம் பவுடரு? பொண்ணு பாக்கவா வந்துகீறாங்க?"

என்னிடம், "நல்லாத்தான் சொல்லிக் குடுத்துகீற. டாக்டரு உன் பாடத்தக் கேட்டாரு, மலர எங்க கேட்டாரு?" என்றார். நான் அழுதேன். "அய்வாத. மறுபடியும் மனு போடலாம். அடுத்த தபா நான் கூட வரேன். நீ வாயத் தொறந்த, ஊசி நூலு எடுத்து தச்சுடுவேன்."

அந்த மறுபரிசோதனைதான் அடுத்த வாரம். மலருக்கு வராததையெல்லாம் நேற்று ஒரு தாளில் எழுதினேன். குளிப்பாட்ட வேண்டும் என்று எழுதும்போது அம்மா, "அத மட்டும் எழுதாதடி" என்றாள். எழுதிவிட்டேன். ஆனால் டாக்டர் முன்னால் அதைச் சொல்ல அம்மாவால் முடியாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் நான் சொன்னால் கேட்பார்களா, தெரியவில்லை.

மலரைப் பற்றி யாரிடம் எதைச் சொல்வதானாலும் தேவகி அக்கா முதலில் அவள் பக்கம் திரும்பி, "சொல்லட்டாம்மா?" என்பார். மலர் தலையாட்டிய பிறகுதான் பேசுவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். நேற்று தாளை எழுதி முடித்ததும் மலரிடம், "சொல்லட்டா?" என்று கேட்டேன்.

அவள் தலையாட்டவில்லை. "தேவகி சொல்லும்" என்றாள்.