திரும்ப விழாதுன்னு சொல்லுங்க

சத்துவாச்சாரியில் ஒரு சின்ன இணையச் சேவை நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை எனக்கு. இணையத்தை ஒரே வலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் எங்களைப் போன்ற தனித்தனி நெட்வொர்க்குகள், 'இந்த முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது.

அன்று காலை ஆம்பூர் அருகே பள்ளம் தோண்டியவர்கள், எங்களுக்கும் பக்கத்து நெட்வொர்க்குக்கும் நடுவிலிருந்த கேபிளை அறுத்துவிட்டார்கள். வெளியே போக எங்களுக்கு அது ஒன்றுதான் வழி. ஒட்டிய பிறகும் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. ரூட்டரில் ஐந்து முறை நானே துண்டித்துத் துண்டித்து இணைத்தேன். பிறகு லைன் விழாமல் நின்றது, ஆனால் ஒன்றும் வெளியே போகவில்லை.

எங்கள் வாடிக்கையாளரான ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூம் பொறுப்பிலிருந்த அம்மா லேண்ட்லைனிலிருந்து போன் மேல் போன் போட்டார். பதினொரு மணிக்கு வெளிநாட்டு பையர் வீடியோவில் ஷூவைப் பார்க்க வேண்டும், பிடித்தால்தான் ஆர்டர். அந்த அறையில் செல்போன் சிக்னலும் கிடையாது.

பக்கத்து நெட்வொர்க்கின் பெண் இன்ஜினியரை அழைத்துக் கத்தினேன். வாடிக்கையாளர்களை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டவர்கள் நாங்கள். வேண்டுமென்றே அடைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக விளக்கினார். அடிக்கடி விழுந்து எழும் வழியை அவருடைய ரூட்டர் தானாகவே கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்குமாம். நான் துண்டிக்கத் துண்டிக்கத் தண்டனை நீண்டிருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா?

"அந்தத் தடைய நானே எடுத்து விட்டுர்றேன் சார். திரும்ப விழாதுன்னு மட்டும் சொல்லுங்க. எங்க லைன்ல ஆஸ்பத்திரி இருக்கு, ஆட்டம் ஜாஸ்தியானா அவங்களும் திண்டாடுவாங்க."

விழாது என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் கேபிள் ஒட்டியவர் "பாக்கலாம் சார்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"தெரியல மேடம்" என்றேன்.

அவர் தடையை எடுத்துவிடவில்லை. பதினொரு மணி கடந்தது. பதினொன்றரைக்கு லைன் மறுபடி விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாதிப்பும் இல்லை.

மாலையில் ஷூ கம்பெனிக்குப் போய் அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அந்த மாடலுக்கான ஆர்டர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. அவர் ஷூவைத் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"பதினொன்னரை வரைக்கும் லைன் விழாம நின்னுச்சுல்ல சார்? எங்களுக்கு இருவது நிமிஷம் போதும்."

நின்றுதான் இருந்தது.