சட்டைப்பையில் இறகுகள்

எங்கள் வீட்டுச் சாவுக்கு முன்னமே எகிப்துக்காரரின் சாவு எங்கள் குசினிக்குள் வந்துவிட்டது. மகள் அந்த வருடம் நாலாம் வகுப்பு. இங்கே இத்தாலியில் அந்த வகுப்பில் பழைய எகிப்துதான் சரித்திரப் பாடம். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் புட்டு, மறுபக்கம் துணி சுற்றிய பிணத்தின் படம். எனக்கு அருவருப்பு. என் கணவருக்கோ அதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை.

அவர் கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு, மாலை வேலைக்குத் திரும்புவதற்குள் மகளிடம் கதை கேட்பார். பிணத்தின் மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து எறிந்துவிடுவார்களாம். குடலையும் ஈரலையும் தனித்தனிச் சாடிகளில் போடுவார்களாம். இதயத்தை மட்டும் உடம்புக்குள்ளேயே விட்டுவிடுவார்களாம்.

“மூளையை எறிஞ்சுபோட்டு இதயத்தை ஏன் விட்டவை?” என்று கேட்டார்.

“அதாலைதானாம் மனுசர் யோசிக்கிறது. செத்தாப் பிறகு அதைத் தராசிலை வைப்பினம், அப்பா. மற்றத் தட்டிலை ஒரு இறகு. பொய், களவு செய்த ஆக்களின்ரை இதயம் பாரமாயிருக்கும். இறகை விடப் பாரமெண்டால், பக்கத்திலை முதலை வாயோடை ஒரு மிருகம் நிக்கும். அது விழுங்கிப்போடும். பிறகு அந்த ஆள் எங்கையும் இல்லை.”

“கோப்பை கழுவுறவனை அது தின்னாது, குஞ்சு. சவுக்காரம் மணக்கும்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாப்பிடும்போது பேசுகிற பேச்சா இது என்று நான் கத்தினேன். என் கத்தலை அந்த வீட்டில் யார் மதித்தார்கள்?

அந்த வசந்தத்தில் ஒரு மாலை, வேலைக்குப் போகும் வழியில் அவர் விழுந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வைத்தியர் பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் என் இத்தாலியன், கால்சாப் பகுதியில் சின்யோரா எசமானிமாரின் வீட்டைத் துடைக்கவும் மீன் விலை பேசவும் போதும். அதற்கு மேல் போகாது. ஆகவே வழக்கம்போல மகள்தான் மொழிபெயர்த்தாள். வதிவிட அனுமதிக்காகப் போனாலும் வீட்டுக்காரரோடு கதைக்கப் போனாலும் அவள்தான் எங்கள் வாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவர் பெருமைப்படுவார்.

“அப்பான்ரை இதயம் அளவுக்கு மிஞ்சிப் பெருத்துப் போச்சாம், அம்மா. கனகாலமா வீங்கி வந்ததாம்.”

சொல்லி முடித்தவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நான் தலையில் அடித்து அழுதேன். அவள் அழவில்லை. பெற்ற தகப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த நாள் அவருக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, பெருத்த இதயம் பாரம் கூடத்தானே?”

“விசர்க்கதை கதையாதை!”

“அப்பா களவெடுக்கேல்லை. பொய் சொல்லேல்லை. நோய்வருத்தத்தாலைதானே பெருத்தது. அது தராசுக்குத் தெரியுமே?”

அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். ஓர் இரவும் ஒரு பகலும் இந்தப் பிள்ளை அந்த மிருகத்தோடு தனியாகத்தான் இருந்திருக்கிறாள். அது வேறு ஆட்களின் கதை, நாங்கள் சைவக்காரர் என்றேன். “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. முத்தி, மறுபிறப்பு என்று கோயிலில் காதில் விழுந்ததையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். அந்த முதலை வாயை எதுவும் மூடவில்லை. கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“அதுக்குத்தான் நாங்கள் எரிக்கிறது. நெருப்பிலை எல்லாப் பாரமும் போயிடும். பிறகு வெறும் சாம்பல். ஊதினால் பறக்கும்.”

“இறகை விடப் பாரம் குறைவோ?”

“ஓம், குறைவு.”

தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

சவப்பெட்டியை மூடும் நாளில் வந்தவர்கள் எல்லோரும் வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். கடைசியாக அவருடைய சட்டையைச் சரிசெய்யக் குனிந்தேன். நெஞ்சுப்பை புடைத்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தால், இறகுகள். துறைமுகத்துக் கடற்புறாக்களின் வெள்ளை இறகு, தெருப் புறாக்களின் சாம்பல் இறகு, நுனி ஒடிந்தவை, சேறு காய்ந்தவை. நான் தோய்த்து அயர்ன் செய்த சட்டைக்குள்! கையை ஓங்காத குறையாகத் திரும்பினேன். அவள் எட்டி என் காதுக்குள் சொன்னாள்.

“மற்றத் தட்டிலை போட, அம்மா. அப்பாவுக்கு ஒண்டு போதாது.”

கள்ளத் தராசு. என் மகள் எகிப்துக் கடவுள்களையே ஏமாற்றத் துணிந்திருந்தாள். சனம் பார்க்கமுன் அந்த இறகுகளை இன்னும் ஆழமாகத் தள்ளி, பையின் பொத்தானைப் பூட்டினேன்.

சாம்பலை வாங்கத் தகனசாலைக்கு நாங்கள் இருவரும் போனோம். தான்தான் தூக்குவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அங்கே நின்ற மனிதர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். சாம்பல் பெட்டியை அவளுடைய நீட்டிய கைகளில் வைத்தார். கைகள் சட்டென்று கீழே இறங்கின. ஓர் ஆளின் சாம்பல் இவ்வளவு கனக்கும் என்று எனக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“பாரமாக் கிடக்கு, அம்மா,” என்றாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்து, “நான் வைச்ச இறகு போதாது,” என்றாள். அப்போதுதான் முதன்முதலாக அழுதாள்.

“பெட்டிதான் பாரம், பிள்ளை” என்ற சொல் என் வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. பெட்டியை அவளிடமிருந்து வாங்கவும் இல்லை. பெட்டியோடு சேர்த்து அந்தப் பத்து வயதுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தேன். பாரமாகத்தான் இருந்தது.