முடிச்சு எடுத்தவள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது, யாரும் எடுத்துப் புழங்கியதில்லை. நெசவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் இடுக்கி. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு சின்ன இரும்பு இடுக்கி. இருபத்தேழு வருடமாக அது அங்கேதான் தொங்குகிறது. துணியில் நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் முடிச்சு துருத்திக்கொண்டிருந்தாலும் அவள் கை தானாக இடுக்கிக்குப் போய்விடும். ஒரு முறை பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பாவம், மூன்று நிறுத்தம் வரை தாக்குப்பிடித்தாள். நாலாவதில் பிடுங்கிவிட்டாள். அந்த மனிதர் குளவி கொட்டிவிட்டதென்று அலற, டிரைவர் வண்டியை ஓரங்கட்ட, ஒரே கலாட்டா. கூட வந்த தங்கச்சி, "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்று அடுத்த சீட்டுக்கு மாறிவிட்டாள்.

தங்கச்சிக்குப் பட்டப்பெயர் ரேடியோ. அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ. அம்மா போனபோது இடுக்கிக்குப் பதினாறு, ரேடியோவுக்கு ஆறு. பெரியவள் தறியில் உட்கார்ந்தாள், சின்னவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். சின்னவள் பத்தாவது கணக்கில் இரண்டு முறை குப்புற விழுந்து, மூன்றாவது முறை விழ மனமில்லாமல் பக்கத்துத் தறியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால் ரேடியோ, "அக்கா நெய்யறதுல பிஸி, நான் பேசறதுல பிஸி" என்பாள். கேட்டவர்கள் அதோடு போய்விடுவார்கள்.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஐஸ் கம்பெனி அது. ஐஸ் போய்ப் பல வருடம் ஆகியும் சுவர்களுக்கு விஷயம் தெரியாது, இன்னும் வேர்த்துக்கொண்டிருக்கும். ஈரக்காற்றில் பருத்தி நூல் அவ்வளவாக அறுபடாது என்பதால் ஆறு பெண்கள் சேர்ந்து வாடகைக்குப் பிடித்து ஆறு தறி போட்டிருந்தார்கள். நூல் அறுபடவில்லை, சரி. துணி வாங்கத்தான் ஆள் இல்லை. அவர்கள் ஒரு வாரம் நெய்வதை விசைத்தறி காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் துப்பிவிடும். ஊருக்கு வெளியே ரெடிமேட் கம்பெனி வேறு வந்து, வேன் அனுப்பிப் பெண்களை அள்ளிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் கூடிப் பேசினார்கள். வருடக் கடைசிக்குள் நிலையான ஆர்டர் ஒன்று வந்தால் தறி ஓடும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் வேனில் ஏறுவது. இடுக்கியும் தலையாட்டினாள். ஆனால் தெருவில் அந்த வேன் ஹாரன் அடித்தால் அவள் தறியை இன்னும் வேகமாக மிதிப்பாள். தறியை விட்டால் அவளுக்கு உட்காரத் தெரிந்த இடம் உலகத்தில் வேறு கிடையாது.

அப்போதுதான் ஏனம்மா வந்தார்.

கடல் தாண்டி வந்த பெண்மணி. எதைப் பார்த்தாலும் ஏன் என்பார். ஏன் முதலில் இந்தக் கால், ஏன் பிறகு அந்தக் கால், நூல் ஓட்டும் நாடாவை எறியும்போது ஏன் நாக்கைக் கடித்துக்கொள்கிறீர்கள்? இரண்டே நாளில் ரேடியோ அவருக்கு ஏனம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார், தீராத சளியோடு. ஏனம்மா பத்து நிமிடம் பேசினால் அவர் மூக்கைச் சிந்திவிட்டு ஒரே வரியில் முடிப்பார்.

"ரொம்ப நல்லாயிருக்குங்கறாங்க."

"அவ்வளவு நேரமும் அதையேதான் சொன்னாங்களா சார்?" என்று ரேடியோ கேட்டால் தும்மல்தான் பதில்.

ஏனம்மாவின் திட்டம் நல்ல திட்டம்தான். அவர் ஊர்ப்பக்கம் மலையில் கம்பளி நூல் நூற்கும் பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் இதே கதி. நெடுக ஓடும் பாவு இங்கத்திய பருத்தி, குறுக்கே ஓடுவது அங்கத்திய கம்பளி. இரண்டு ஊர்க் கையும் சேர்ந்து முப்பத்தாறு சால்வை. அங்கே ஒரு பெரிய கடை எடுத்துக்கொள்ளும். பிடித்துப்போனால் வருடா வருடம் ஆர்டர். இடையில் தரகர் கிடையாது. "இனிமே நீங்கதான் முதலாளிங்கறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். முதலாளிகள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கம்பளிக் கட்டைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது. நூல் நெடுக அங்கங்கே முடிச்சு. சில முடிச்சு உருண்டை, சில தட்டை, சிலவற்றுக்கு எலி மாதிரி வால்.

"அக்கா, இது நூலா, முத்துமாலையா?" என்றாள் ரேடியோ.

ஏனம்மா ஒரு முடிச்சை விரலால் தடவிக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, நீளமாக என்னவோ சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்கு அன்றைக்குச் சளி உச்சத்தில் இருந்தது. இரண்டு முறை தும்மிவிட்டு, "முடிச்செல்லாம் அப்படியே இருக்கட்டும், எடுக்க வேண்டாங்கறாங்க" என்றார்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் ஏன் கேட்கிற பழக்கம் ஒருவருக்குத்தான் இருந்தது.

"நல்ல மனசு. நமக்குச் சிரமம் குடுக்க வேண்டாம்னு பார்க்கறாங்க" என்றாள் இடுக்கி.

மாதிரிக்கு ஒரு சால்வை நெய்து முடிச்சோடு கொடுத்தார்கள். மாதிரிக்கு யார் இடுக்கி போடுவார்கள்? ஏனம்மா அதைக் குழந்தை மாதிரிச் சுருட்டி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். கடையில் அதைத்தான் படம் பிடித்தார்கள்.

பிறகு இரண்டரை மாதம். முடிச்சு நாடாவின் துளையில் மாட்டும், சீப்பு மாதிரியான அச்சில் உரசும். ஒவ்வொன்றுக்கும் தறியை நிறுத்தி, விரலால் நீவி, வழியனுப்பி வைக்க வேண்டும். நாடா சிக்கும்போதெல்லாம் ரேடியோ, "வாங்க மகாராணி, மெதுவா வாங்க, படி இருக்கு" என்று முடிச்சோடு பேசுவாள். முப்பத்தாறும் முடிந்து மடித்து வைத்த அன்று, தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

உள்ளே பெயர்ச்சீட்டுகள். சால்வைக்கு ஒன்று. ஒரு பக்கம் நெய்தவளின் பெயரும் ஏனம்மா வந்தபோது எடுத்துப்போன படமும், மறுபக்கம் நூல் நூற்றவளின் படமும் பெயரும். கூடத்தில் ஒரே கூச்சல். "என்னடி இது, திருட்டுக் கேஸ்ல பிடிச்ச மாதிரி முழிக்கிறே" என்று ஒருத்தி படத்தை இன்னொருத்தி பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுக்கி தன் சீட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். இத்தனை வருடத்தில் அவள் நெய்த துணியை நீட்டிப் போட்டால் அந்தத் தெருவை முப்பது சுற்றுச் சுற்றும். அதில் ஒரு முழத்தில்கூட அவள் பெயர் இருந்ததில்லை. சீட்டைத் திருப்பினாள். மறுபக்கத்தில் முன்பல் இரண்டு இல்லாத ஒரு பெண் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். விரல் கணுக்கள் இவளுடையவை போலவே வீங்கியிருந்தன.

"பேர் போட்டுப் போகுதுடி" என்றாள் இடுக்கி.

"போகட்டுமே. நீதான் ஊர் உலகம் பார்க்கல, உன் மூஞ்சியாவது பார்க்கட்டும்."

"முடிச்சோடயா?"

"அப்படியே விடச் சொன்னாங்கல்லக்கா?"

"விருந்தாளி போதும்னு சொன்னதும் தட்டைத் தூக்கிருவியா நீ? மரியாதைக்குச் சொன்னது அது. இந்தம்மாவைப் பாரு, எவ்வளவு சந்தோஷமாச் சிரிக்குது. பாவம், ஊசியில ஒட்டுப் போடத் தெரியாம முடிச்சுப் போட்டு விட்டிருக்கு. நாளைக்குக் கடையில எவளாவது தடவிப் பார்த்து, 'என்ன, துணி முழுக்கச் சிரங்கா இருக்கு'ன்னு கேட்டா? நம்ம மானம் போனாப் போகட்டும். அவங்க மானமும் நம்ம கையிலதானே இருக்கு."

மற்ற நாலு பேரும் யோசித்தார்கள். பேரும் படமும் போட்டுப் போகிற துணி, அக்கா சொல்வது நியாயம்தானே என்றார்கள்.

பதினோரு நாள். ஜன்னலடியில் பெஞ்சு போட்டு, வெளிச்சம் இருக்கும் வரை இடுக்கி உட்கார்ந்தாள். முடிச்சின் இரண்டு பக்கமும் கத்தரித்து, இடுக்கியால் எடுத்து, அதே நிறக் கம்பளியை ஊசியில் கோத்து, நூல் போன வழியிலேயே போய்ச் சேர்த்து விட வேண்டும். நல்ல கண் இருந்தால்தான் முடியும். மற்றவர்கள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்கள். முடிச்சுகளை ரேடியோ எண்ணினாள். கணக்கில் விழுந்தவள் எண்ணியதை நம்ப முடியாதுதான், ஆனாலும் ஆயிரத்தைத் தாண்டியது. பொறுக்கிப்போட்ட முடிச்செல்லாம் சாயங்காலம் துடைப்பத்தோடு வாசலுக்குப் போயின. கடைசிச் சால்வையை இடுக்கி கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். விரல் எங்கேயும் நிற்கவில்லை. மலையில் இருக்கும் அந்தப் பொக்கைவாய்க்காரி இதைத் தொட்டுப் பார்க்கும்போது என்ன சொல்வாள் என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டாள். அவளுடைய நாற்பத்துமூன்று வருடத்தில் அதைவிட நல்ல வேலை அவள் செய்ததில்லை.

பெட்டி போனது. மூன்று வாரம் கழித்து மொழிபெயர்ப்பாளர் தானே நேரில் வந்தார், கையில் போனோடு. சளி சரியாகியிருந்தது. போன் திரையில் ஏனம்மா. கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன, இந்த முறை சளி அவருக்குத்தானோ என்று ரேடியோ நினைத்தாள்.

ஏனம்மா ஒரே ஒரு சொல்தான் சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு மொழிபெயர்ப்பாளர் பேசினார். அன்றைக்குத்தான் அவர் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு முடிச்சு. ஒருத்தி போடுவதை இன்னொருத்தி போட மாட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத கைகள், இது இன்னாருடைய நூல் என்று சொல்லிக்கொள்ளும் வழி அது ஒன்றுதான். சால்வைகளை மலைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவித் தேடியிருக்கிறார்கள்.

"அந்தப் பல்லு இல்லாதவங்க..." என்றாள் இடுக்கி.

"அவங்க ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தாங்களாம். இதுல என் நூல் இல்லைன்னு சொல்லிக் கீழே வெச்சுட்டாங்களாம்."

"கோபமா சார்?"

"கோபமெல்லாம் இல்லையாம். இனிமே நூல் அனுப்பலைன்னு மட்டும் சொன்னாங்களாம்." போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "கடையிலயும் வேண்டான்னுட்டாங்க. மாதிரியில இருந்தது எதுவும் இதுல இல்லையாம். மெஷின் துணி மாதிரி இருக்குதாம்."

"மறுபடி போட்டுத் தர்றேன்னு சொல்லுங்க சார். திருப்பி அனுப்பச் சொல்லுங்க, எத்தனை முடிச்சு வேணும்னாலும் உட்கார்ந்து போட்டுத் தர்றேன்."

"யாரோட முடிச்சைப் போடுவீங்க?" என்றார் அவர்.

திரையில் ஏனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யாராவது திட்டியிருந்தால் இடுக்கி அன்றைக்குச் சாப்பிட்டிருப்பாள். யாரும் திட்டவில்லை. நாங்களும்தானே நூல் கோத்துக் கொடுத்தோம் என்றார்கள். நாலு பேரும் அவரவர் தறியைக் கழற்றும்போது, அவள் தறியின் ஆணியையும் சேர்த்தே தளர்த்திக் கொடுத்தார்கள். பாவில் நெய்யாத நூல் இன்னும் நிறைய இருந்தது. அதை வெட்ட மட்டும் ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில் ரேடியோதான் கத்தரியை எடுத்தாள், சத்தமே இல்லாமல். வீட்டுக்குக் கொண்டுபோனால் வாசல் தறியை உள்ளே விடவில்லை. சட்டம் சட்டமாகப் பிரித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்ட கூடத்துக்காரர், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி ஐஸ் போடலாமா என்று யோசித்தார்.

அடுத்த வாரம் ரேடியோ ரெடிமேட் கம்பெனியின் விண்ணப்பத்தோடு வந்தாள். தரையில் உட்கார்ந்து, முட்டியில் அட்டையை வைத்து, எழுத ஆரம்பித்தாள்.

"வயசு முப்பத்தெட்டுன்னு போடறேன்."

"நாப்பத்துமூணுடி."

"நாப்பதுக்கு மேல ஆனா கண்ணு தெரியாதுங்கறாங்க அங்க. முப்பத்தெட்டு."

"என்ன வேலை?"

"சட்டையைப் பெட்டியில அடுக்கறது. நின்னுட்டே இருக்கணும். பழகிரும்." பேனா அடுத்த கட்டத்துக்குப் போய் நின்றது. "முன் அனுபவம்னு கேட்டிருக்கான்."

"இருபத்தேழு வருஷம்."

ரேடியோ எழுதவில்லை.

"தறின்னு எழுதினா எடுக்க மாட்டாங்கக்கா. தறிக்காரங்க சொன்னதைச் செய்ய மாட்டாங்க, சொந்தமா எதையாவது பண்ணிருவாங்கன்னு அங்க ஒரு பேச்சு இருக்கு." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. "உன்னைச் சொல்லலக்கா. சத்தியமா உன்னைச் சொல்லல."

"தெரியும்."

"என்னக்கா எழுதட்டும்?"

இடுக்கி குனிந்திருந்த தங்கச்சியின் தலையைப் பார்த்தாள். வகிட்டில் இரண்டு நரை தெரிந்தது. கை நீட்டிப் பிடுங்காமல் விட்டாள்.

"இல்லைன்னு எழுது."

ரேடியோ எழுதினாள். பேனா பாதியில் மக்கர் பண்ண, உதறிவிட்டு மறுபடி எழுதினாள். தங்கச்சி காட்டிய இடத்தில் இடுக்கி கையெழுத்துப் போட்டாள்.

"வேன் எத்தனை மணிக்குடி?"

"ஆறே கால். முன்னாடியே போய் சீட்டுப் பிடிக்கணும்க்கா. பின்னாடி உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடும்."